முறைப்பாட்டு மேசையின் முன்னே

யாழ்ப்பாணத்தில் வேலிக் கதியால் ஒரு சாண் நகர்ந்தால் வழக்குப் பிறந்துவிடும். பங்குக் கிணற்றுத் தண்ணீருக்காகவும் எல்லைப் பனைக்காகவும் உடன்பிறந்தோர் கோடேறிய கதைகளை நம் மூத்தோர் நிறையவே சொல்வர். அக்காலத்தில் இப்பிணக்குகள் முதலிற் சென்றடைந்த இடம் பொலிஸ் விதானையார் வீட்டுத் திண்ணையாகும். இன்னார் முன்கோபி, இன்னார் பொய் உரையார் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. அவரிடம் சாதிச் செருக்கும் ஓரவஞ்சனையும் இருந்ததுண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் முறையிட்டவரின் சொல், முறையிட்டவரின் மொழியிலேயே அவர் செவியில் விழுந்தது.

விதானை முறை 1963இல் ஒழிந்து, கிராம சேவகர் முறை வந்தது. பிணக்குகள் நாளடைவிற் பொலிஸ் நிலையத்தை நாடின. அங்கே மேசைக்கு அப்பால் இருப்பவர் பெரும்பாலும் சிங்களம் பேசுபவர். தாலிக்கொடி பறிகொடுத்த ஒரு தாய் தமிழில் அழுது சொல்கிறாள். யாரோ அரைகுறையாக மொழிபெயர்க்க, வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படுகிறது. தாம் வாசிக்க இயலாத தாளிலே அவள் கையொப்பம் இடுகிறாள். பின்னர் நீதிமன்றத்தில் அவள் கூற்றும் ஏடும் முரண்பட்டால், பொய்யுரைத்தவள் என்ற பழி யாரைச் சேரும்?

சட்டம் இவ்வாறு சொல்லவில்லை. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் வந்த 16ஆம் திருத்தம் வடக்குக் கிழக்கில் அதனை நிருவாக மொழியாகவும் நிலைநிறுத்தியது. பொலிசாருக்குத் தமிழ் வகுப்புகளும் நடத்தப்பட்டன. வகுப்பில் வணக்கம் சொல்லக் கற்கலாம். வழக்கை எழுதும் அளவுக்குக் கற்பது வேறு காரியம் அன்றோ!

தமிழ் இளைஞர் பலர் இச்சேவையிற் சேர்ந்தாலென்ன என்று கேட்போர் உளர். நியாயமான கேள்விதான். ஆனால் 2016 ஒக்டோபர் 20ஆந் திகதி இரவு, கொக்குவில் குளப்பிட்டியிற் பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்ததை எந்த வீடு மறந்தது? முதலில் அது விபத்து எனப்பட்டது. பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூடு வெளிப்பட, பொலிசார் ஐவர் கைதாயினர். சுட்டது ஒரு குற்றம்; விபத்தென்று முதலில் உரைத்ததோ, தம்மவரைக் காப்பதே கடமை என்னும் சேவை வழக்கத்தைக் காட்டிற்று. அவ்வழக்கம் மாறாதவரை, பொலிசார் ஊர்தோறும் மக்கள் குழுக்களைக் கூட்டித் தேநீர் வழங்கினாலும் மகனுக்கு விண்ணப்பப் படிவம் வாங்கித் தரத் தந்தை தயங்கவே செய்வார்.

மாணவ நேயர்கள் இதையேனும் தம் வீட்டில் எடுத்துரைக்கலாம்: வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்பது சலுகையன்று, உரிமை. எழுதியதை வாசித்துக் காட்டும்வரை பேனாவைத் தொடவேண்டாம்.