சொல்லாமல் வரும் விருந்தாளி! கம்ப்யூட்டர் 'அப்டேட்' நன்மையா, தொல்லையா?

2024-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி. வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9-39 மணி.

உலகின் பல மூலைகளில் கம்ப்யூட்டர்கள் திடீர் என்று நின்றன. திரை முழுவதும் நீல நிறம். நிறுத்திவிட்டு மறுபடியும் ஓடவிட்டால், மறுபடியும் அதே நீலத் திரை!

விமான நிலையங்களில் கூட்டம் தேங்கியது. இந்தியாவில் சில இடங்களில், விமானத்தில் ஏறுவதற்கான சீட்டைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் 'டெல்டா' கம்பெனி மட்டும் 5 நாட்களில் ஏறக்குறைய 7 ஆயிரம் விமானங்களை ரத்து செய்தது. பல நாடுகளில் ஆஸ்பத்திரிகளும் பாங்கிகளும் திண்டாடின.

இது யார் செய்த சதி?

சதி எதுவும் இல்லை. காவல் காக்க வைத்த காவல்காரனே கால் தடுக்கி விழுந்துவிட்டான்!

20-ம் 21-ம்

'கிரவுட்ஸ்டிரைக்' என்பது ஓர் அமெரிக்கக் கம்பெனி. கம்ப்யூட்டருக்குள் திருடர்கள் நுழையாமல் காக்கும் புரோகிராமை அது விற்கிறது. புதுப்புதுத் திருட்டுகளின் அடையாளங்களை அவ்வப்போது அனுப்பிக்கொண்டே இருக்கும். இப்படிப் பழைய புரோகிராமுக்குப் புதிய சரக்கு அனுப்புவதைத்தான் 'அப்டேட்' என்கிறார்கள்.

அன்று அனுப்பிய அப்டேட் 21 விவரங்களைத் தேடியது. அங்கே இருந்ததோ 20 தான். இல்லாத 21-வது விவரத்தைத் தேடிப்போன புரோகிராம், தொடக்கூடாத இடத்தைத் தொட்டது. கம்ப்யூட்டர் விழுந்தது.

78 நிமிடங்களில் கம்பெனி தவறைக் கண்டுபிடித்து, அந்த அப்டேட்டைத் திரும்பப் பெற்றது. அதற்குள் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. எழுந்திருக்கவே முடியாத கம்ப்யூட்டருக்குத் திருத்தத்தை எப்படி அனுப்புவது? ஏராளமான கம்ப்யூட்டர்களை ஆட்கள் நேரில் போய், ஒவ்வொன்றாகச் சரி செய்ய வேண்டியதாயிற்று.

"வேண்டவே வேண்டாம்" என்றால்?

"இந்தத் தொல்லையே வேண்டாம். அப்டேட்டை நிறுத்திவிடலாம்" என்று சிலருக்குத் தோன்றும். அப்படி விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது.

2017-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி, 'மைக்ரோசாப்ட்' கம்பெனி ஓர் அப்டேட் வெளியிட்டது. 'விண்டோஸ்' புரோகிராமில் இருந்த ஓர் ஓட்டையை அடைப்பதற்காக வந்த அப்டேட் அது. பல இடங்களில் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. "பிறகு பார்க்கலாம்" என்று இருந்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, மே 12-ந் தேதி, 'வான்னகிரை' என்ற நச்சுப் புரோகிராம் அதே ஓட்டை வழியாகப் புகுந்தது. கம்ப்யூட்டரில் இருந்ததை எல்லாம் பூட்டு போட்டுப் பூட்டியது. "300 டாலர் கொடுத்தால் திறப்பேன்" என்று திரையில் மிரட்டியது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் சிக்கின. இங்கிலாந்தில் அரசாங்க ஆஸ்பத்திரிகள் தத்தளித்தன. டாக்டரைப் பார்க்கவும் ஆபரேஷனுக்கும் நாள் குறித்திருந்த சுமார் 19 ஆயிரம் பேருக்கு அந்த நாள் ரத்தாகி இருக்கும் என்று பின்னர் கணக்கிட்டார்கள்.

மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி! போட்டாலும் ஆபத்து, போடாவிட்டாலும் ஆபத்து.

ஏன் வெறுப்பு?

மக்கள் அப்டேட்டைத் தள்ளிப்போடுவது சோம்பலால் மட்டும் அல்ல. அவசர வேலையின் நடுவில் கம்ப்யூட்டர் நின்றுபோகிறது. காசு கொடுத்து வாங்கிய 'டேட்டா' கரைகிறது. நேற்று இருந்த பொத்தான் இன்று வேறு இடத்தில் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு தேடிப் பழகிய பாட்டிக்கு, மறுபடியும் முதலில் இருந்து பாடம்!

நம்பிக்கையும் ஒரு தடவை கெட்டது. 2016-ல், பழைய விண்டோஸ் வைத்திருந்தவர்களிடம் "விண்டோஸ் 10-க்கு மாறுங்கள்" என்று ஓர் அறிவிப்பு வந்தது. வேண்டாம் என்று நினைத்தவர்கள், மூலையில் இருந்த பெருக்கல் குறியைத் தட்டி அதை மூடினார்கள். மூடினாலும், குறித்த நேரத்தில் மாற்றம் நடந்தது! எதிர்ப்பு கிளம்பவே, "வேண்டாம்" என்று சொல்லும் பொத்தானைக் கம்பெனி பின்னர் வைத்தது.

ஒரு முறை ஏமாந்தவர், அடுத்து வரும் நல்ல அப்டேட்டையும் சந்தேகப்படுவார். திருடனுக்குக் கதவு திறப்பது அங்கேதான்.

நல்ல வழி எது?

வழி இல்லாமல் இல்லை. நான்கு வழிகள் ஏற்கனவே நடைமுறையில் இருக்கின்றன.

ஒன்று: பதம் பார்த்து அனுப்புவது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். முதலில் சில ஆயிரம் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பி, அவை நன்றாக ஓடினால் மற்றவற்றுக்கு அனுப்பலாம். கிரவுட்ஸ்டிரைக் அன்று எல்லாருக்கும் ஒரே வீச்சில் அனுப்பியது. இனிப் படிப்படியாக அனுப்புவதாகப் பிறகு அறிவித்தது.

இரண்டு: திரும்பி வர வழி வைப்பது. 2016-ல் வந்த 'ஆண்ட்ராய்டு 7' இதற்கு ஏற்பாடு செய்தது. பழைய வீட்டில் குடியிருக்கும்போதே, பக்கத்தில் புது வீட்டைக் கட்டி முடிப்பது போன்றது இது. போனை நிறுத்தி ஓடவிட்டதும் புது வீட்டுக்குக் குடிபோகலாம். புது வீடு சரி இல்லை என்றால், பழைய வீடு அப்படியே இருக்கும். ஆனால், போனைச் செய்யும் கம்பெனி இந்த ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும்.

மூன்று: நேரம் கேட்பது. "எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வேலை செய்வீர்கள்?" என்று கேட்டு, அந்த நேரத்தில் தொந்தரவு செய்யாத வசதி 2016-ல் விண்டோஸ் 10-க்கு வந்தது.

நான்கு: ஓட்டை அடைப்பதையும், வீட்டுக்குப் புது வர்ணம் அடிப்பதையும் பிரித்து வைப்பது. முதலாவது உடனே வேண்டும். இரண்டாவதை வீட்டுக்காரர் விரும்பும்போது செய்துகொள்ளலாம். என்ன மாறுகிறது என்பதை, படிக்கிறவருக்குப் புரியும் பேச்சில் சொல்லவும் வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது

'பாதுகாப்பு அப்டேட்' என்று வந்தால் நாள் கடத்தக்கூடாது. முக்கியமான படங்களுக்கும் தாள்களுக்கும் இன்னொரு இடத்தில் நகல் இருக்கட்டும். இரவில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அப்டேட் செய்தால், பகல் வேலை கெடாது.

இன்னொன்று. "அப்டேட் செய்ய இதைத் தொடுங்கள்" என்று குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்-அப்பிலோ வந்தால் தொடவே கூடாது. உண்மையான அப்டேட்டைப் போனின் 'செட்டிங்ஸ்' பகுதியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டரையும் போனையும் காசு கொடுத்து வாங்கியவர்தான் அவற்றின் சொந்தக்காரர். பழுது பார்க்க வருகிறவர் கதவைத் தட்ட வேண்டும். வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அப்படி வந்தால், எந்த வீட்டுக்காரர் கதவைச் சாத்தப் போகிறார்?