கணிப்பொறித் திரையில் ஓவியம்

கரித்துண்டு கிடைத்தால் சுவரில் கோடு கிழிக்காத குழந்தை இல்லை. வளர வளர அந்த ஆர்வம் குன்றிவிடுகிறது. இன்று ஓவியக்கலை கணிப்பொறித் திரைக்கும் வந்துவிட்டது. ஆயினும், அதற்குப் பெரும்பொருள் வேண்டும் என்னும் எண்ணம் நம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணம் களையப்பட வேண்டும் என்பதே நம் கருத்து.

வேண்டுவன, கணிப்பொறி நீங்கலாக, இரண்டே. ஒன்று வரைபலகை, கடைகளில் 'பென் டேப்லட்' என்று கேட்டால் தருவர். திரையில்லாத சிறிய பலகை சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். அதன் பேனாவை அழுத்தினால் கோடு தடிக்கும்; தளர்த்தினால் மெலியும். கை பலகையிலும் கண் திரையிலும் இருப்பதால் தொடக்கத்தில் தடுமாற்றம் தோன்றும். சில வாரப் பயிற்சியில் அது நீங்கும். பலகையின் நீள அகல விகிதத்தைத் திரையோடு பொருத்திக்கொள்ளுதல் இன்றியமையாதது. இன்றேல் வட்டம் முட்டையாகிவிடும்!

மற்றொன்று மென்பொருள். இங்குச் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியுள்ளது. விலையுயர்ந்த மென்பொருளின் திருட்டுப் பிரதியை நண்பரிடம் பெற்றுப் பதிந்துகொள்வது, தவறென்றே தோன்றாத வழக்கமாகிவிட்டது. அடுத்த வீட்டுத் தென்னையில் ஓர் இளநீர் பறிக்கக் கூசும் கை இதற்குக் கூசுவதில்லை. வறுமையைக் காரணம் காட்டுவதும் பொருந்தாது. நேர்வழியிலேயே விலையின்றிக் கிடைப்பன உள்ளன. அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணவர் 1995-இல் தொடங்கி, மறு ஆண்டு உலகிற்கு அளித்ததே 'ஜிம்ப்'. மாணவர் ஆக்கியது என்பதை நம் மாணவர் கருத வேண்டும். 1999-இல் தொடங்கப்பட்ட 'கிரிட்டா', 2009 முதல் ஓவியம் தீட்டுதலையே முதன்மை நோக்காகக் கொண்டு வளர்ந்தது. சின்னங்களும் எழுத்து வடிவங்களும் வரைவதற்கு 'இங்க்ஸ்கேப்' ஏற்றது. இவற்றைப் படியெடுத்துப் பிறர்க்கு வழங்குவதும் சட்டப்படியான உரிமையே.

நம் எல்லையாகிய களியக்காவிளையைக் கடந்தால், கேரளப் பள்ளிப் பாடநூல்களிலேயே ஜிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் இடம்பெற்றிருக்கக் காண்கிறோம். 1956 வரை நாமும் அவர்களும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தோம். அங்குள்ள சிறுவன் பள்ளியில் பழகுவதை நம் மாணவன் கல்லூரியிலேனும் பழக வேண்டாமா?

தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை என்று வினவுவோர் உண்டு. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவாணர்' என்னும் தமிழ் எழுத்துரு, கையெழுத்தின் சாயலோடு, எவரும் எடுத்தாளும்படி இலவசமாகக் கிடைக்கிறது. எழுத்தின் வடிவழகு தமிழ் கற்போரின் அக்கறை இல்லையெனில் வேறு யாருடையது?

தொடங்குவோர் முதலில் வண்ணத்தைத் தொட வேண்டா. கோடும் வட்டமும் கைவந்தபின், பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்து மரக்கூரையில் செதுக்கிய மலர்களுள் ஒன்றை வரைந்து பார்க்கட்டும். இம்மென்பொருள்களில் 'லேயர்' எனப்படும் அடுக்குகள், கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாற் போன்றவை. கீழடுக்கில் உருவரையை இட்டு, மேலடுக்கில் தெளிகோடு வரைந்தபின், கீழுள்ளதை மறைத்துவிடலாம். எதையும் எளிதில் அழிக்கலாம் என்பது வசதியே. ஆனால், ஒவ்வொரு கோட்டையும் நூறுமுறை அழிப்பவன் கை உறுதி பெறாது.

நம் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுவிழாவில் வழங்கும் கேடயங்கள் சிலவற்றைக் குறைத்து, அத்தொகையில் வரைபலகைகள் இரண்டு மூன்று வாங்கித் தந்தால், துறை நூலகத்தில் நூல்களைப் போலவே அவற்றையும் மாணவர்க்கு இரவல் வழங்கலாம். பேனாவின் முனை நாளடைவில் தேயும்; மாற்று முனைகளையும் உடன் வாங்கி வைத்தல் நலம்.