எதிரே வருவோரின் கண்கள்

நுழையும்முன்

இருளில் வழிகாட்டுவது விளக்கு. அவ்விளக்கே பிறர் கண்ணை மறைப்பதும் உண்டு. வானூர்தி நிலையத்தில் விமானிகள் கடைப்பிடிக்கும் ஒளி ஒழுக்கத்தை, மரக்காணத்துச் சாலையில் நின்று எண்ணிப் பார்க்கிறது இக்கட்டுரை.

விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரை ஊரான மரக்காணத்தில், பொழுது புலர்வதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறிவிட்டால் உப்பளத்தில் நிற்க இயலாது. மேலே சூரியன் காயும். கீழே பாத்தியில் விளைந்த உப்பின் வெண்மை அந்த ஒளியைத் திருப்பிக் கண்ணில் அடிக்கும். பல ஆண்டுகள் அவ்வெண்மையைப் பார்த்தே உழைப்பவர்களின் கண்கள் கூச்சத்துக்கும் எரிச்சலுக்கும் பழகிப்போனவை. ஆகவே உப்பு வாருவோர் இருள் பிரியுமுன் வீட்டைவிட்டுப் புறப்படுகின்றனர். சிலர் மிதிவண்டியில் செல்வர். பலர் நடந்தே செல்வர். அவர்கள் செல்லும் வழிகளுள் ஒன்று சென்னையையும் புதுச்சேரியையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்குனி மாத விடியற்பொழுதில் அச்சாலையில் இருசக்கர வண்டியில் சென்றுகொண்டிருந்தேன். எதிரே வந்த மகிழுந்து ஒன்றின் முகப்பு விளக்கு என் கண்களை முற்றிலும் மறைத்தது. அது கடந்து சென்ற பின்னரும் இருள்தான் தெரிந்தது. வண்டியை மெல்ல நிறுத்தியபோது, கைக்கெட்டும் தொலைவில் ஒரு பெண்மணி தூக்குவாளியுடன் சாலையோரம் நின்றிருந்தார். மகிழுந்து ஓட்டுநரை நான் கடிந்துகொள்ளத் தொடங்குமுன் அவர் சொன்னார்: “வெளக்க கொஞ்சம் எறக்குங்க சார், ஒண்ணுமே தெரியல.” ஒரு கையால் கண்ணை மறைத்திருந்தார். அவர் கண்ணில் அடித்தது என் வண்டியின் விளக்கு.

அன்று முதல் ஒரு கேள்வி என்னைத் தொடர்கிறது. எதிரே வந்தது பேருந்தாக இருந்தால் என் விளக்கைத் தாழ்த்தியிருப்பேன். நடந்து வந்த ஒருவருக்காகத் தாழ்த்த வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

இக்கேள்விக்கு விடை தேடியபோது, சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில் ஒரு சான்று கிடைத்தது. அது வானூர்தி நிலையம். வானூர்தியின் விளக்குகள் வானில் பறப்பதற்கு மட்டுமே உரியவை என்று நாம் எண்ணுகிறோம். அவற்றின் நுட்பமான பயன்பாடு தரையில்தான் தொடங்குகிறது. புறப்பாட்டு இடத்திலிருந்து ஓடுபாதை வரை வானூர்தி மெல்ல உருண்டு செல்கிறது. அப்போது முன்சக்கரத்தின் அருகே ஒரு விளக்கு எரிகிறது. வேறொரு வானூர்திக்கு வழிவிட நேர்ந்தாலோ, ஓரிடத்தில் காத்து நிற்க நேர்ந்தாலோ விமானி அதனை அணைத்துவிடுகிறார். விளக்கு எரிந்தால் ‘நான் நகர்கிறேன்’ என்பது பொருள். அணைந்தால் ‘நான் நிற்கிறேன், நீங்கள் செல்லலாம்’ என்பது பொருள். இறக்கையில் உள்ள வலிமை மிக்க தரையிறங்கு விளக்குகளையும், விட்டுவிட்டுப் பளிச்சிடும் வெண்ணிற விளக்குகளையும் பிற வானூர்திகளுக்கு நடுவே நிற்கும்போது எரிப்பதில்லை. பன்னாட்டுக் குடிசார் வானூர்தி அமைப்பின் வான்வழி விதிகளும், வெளியே இருந்து நோக்குவோரின் கண்களைத் தீங்கு நேரும்படி கூசச் செய்யுமானால் பளிச்சிடும் விளக்குகளை அணைக்கவோ ஒளியைக் குறைக்கவோ விமானிக்கு இடமளிக்கின்றன.

தெரிந்து தெளிவோம்

வானூர்தியின் இட இறக்கை முனையில் சிவப்பும், வல இறக்கை முனையில் பச்சையும், வால்பகுதியில் வெண்மையும் ஒளிரும். கப்பல்களிலிருந்து வந்த மரபு இது; கடலில் செல்லும் படகுகளுக்கும் இடம் சிவப்பு, வலம் பச்சை. உடலின் மேலும் கீழும் விட்டுவிட்டு ஒளிரும் சிவப்பு விளக்கு, ‘எந்திரம் இயங்குகிறது அல்லது இயங்கப்போகிறது, அருகில் வராதீர்’ என்று தரைப் பணியாளருக்கு அறிவிக்கிறது.

இவற்றுள் என் மனத்தைத் தொட்டது மற்றொரு காட்சி. நிறுத்துமிடத்தை நோக்கி வரும் வானூர்திக்கு எதிரே, இரு கைகளிலும் ஒளிக்கோல் ஏந்தி ஒரு பணியாளர் நிற்பார். பல பத்து டன் எடையுள்ள அவ்வானூர்தி அவரை நெருங்கும்போது, அவர் கண்களைக் கூசச் செய்யும் விளக்கை விமானி அணைத்துவிடுவார். திருப்பிக் கண்ணைக் கூசச் செய்ய அந்தப் பணியாளரிடம் விளக்கு ஏதும் இல்லை.

நம் சாலையில் நடப்பதோ வேறு. சரக்குந்துக்கு விளக்கைத் தாழ்த்துகிறோம். தாழ்த்தாவிட்டால் அதுவும் தன் பேரொளியை நம்மீது பாய்ச்சும். மிதிவண்டிக்காரரும் நடந்து செல்பவரும் எதிர்வினை புரிய இயலாதவர்கள். அவர்களை நாம் ‘எதிரே வருபவர்’ என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை. முகப்பு விளக்கை மின்னச் செய்வதற்கும் நம்மிடம் ஒரே பொருள்தான்: ‘நான் வருகிறேன், விலகு’. பிரித்தானியச் சாலைகளில் இதே குறிப்பைப் பலரும் ‘நீங்கள் முதலில் செல்லுங்கள்’ என்று கொள்கின்றனர்.

கூச்சத்தின் தீங்கு சிறிதன்று. இருளுக்கு முழுமையாகப் பழகக் கண்ணுக்கு ஏறத்தாழ 30 நிமிடங்கள் தேவை. அப்பழக்கத்தைக் கெடுக்கச் சில நொடிகள் போதும். மணிக்கு 72 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி நொடிக்கு 20 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநரின் பார்வை 3 நொடிகள் மங்கினால், அவர் 60 மீட்டர் தொலைவைக் காணாமலே கடக்கிறார். வயது ஏற ஏறக் கண் மீள்வதற்குக் கூடுதல் நேரமாகிறது. ஐம்பதைக் கடந்த எனக்கு இதனைப் பிறர் சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டுநர்கள் தம் தரப்பில் ஒன்று கூறுவர்: “தெருவிளக்கு இல்லாத சாலை, மாடு குறுக்கே வரும், விளக்கைத் தாழ்த்தினால் எப்படிப் பார்ப்பது?” இது புறந்தள்ளத்தக்க வாதம் அன்று. ஒளியைக் குறைப்பது மட்டுமே நன்மை என்று நானும் கூறவில்லை. 1991 பிப்ரவரி 1 அன்று இரவு, லாஸ் ஏஞ்சலஸ் வானூர்தி நிலையத்தின் ஓடுபாதையில் புறப்பாட்டு அனுமதிக்காக ஒரு சிறிய வானூர்தி காத்து நின்றது. அனுமதி கிடைத்த பின்னரே பளிச்சொளி விளக்கை எரிப்பது அன்றைய வழக்கம். ஓடுபாதையின் விளக்குகளுக்கிடையே அது நிற்பது புலப்படாமல், தரையிறங்கிய பெரிய வானூர்தி அதன்மீது மோதியது. சிறிய வானூர்தியில் இருந்த 12 பேரும் இறந்தனர். அதே ஓடுபாதையில் இரண்டையும் அனுமதித்த கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் பிழையே முதன்மைக் காரணம். எனினும் விளக்கைப் பற்றிய பாடமும் அதில் இருந்தது. ஓடுபாதைக்குள் நுழையும்போதே பிறர் காணும்படி விளக்குகளை எரிப்பது இன்று பரவலான நடைமுறை. காத்து நிற்குமிடத்தில் அணைப்பதும், ஓடுபாதையில் எரிப்பதும் ஒரே அக்கறையின் இரு செயல்கள். இரண்டிலும் விமானி தன்னைக் காணும் கண்களைப் பற்றி எண்ணுகிறார்.

இவ்வெண்ணம் நமக்குப் புதிதன்று. கடலில் வருவோருக்காக உயர்ந்த மாடத்தில் இரவெல்லாம் எரிந்த விளக்கைக் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. ஏற்றியவருக்கு அவ்விளக்கால் வழி தெரிவதில்லை. அது முழுவதும் பிறர் பார்வைக்கானது.

மாட்டுக்கு அஞ்சும் ஓட்டுநர் செய்யத்தக்கது, விளக்கைத் தாழ்த்தும்போது விரைவையும் தாழ்த்துவது. உப்பளத் தொழிலாளரின் மிதிவண்டியிலும் தூக்குவாளியிலும் ஒளியைத் திருப்பும் பட்டைகளை ஒட்டுவது நல்லதே. அதற்கு ஆகும் செலவும் சிறிது. அச்செலவை அவர்கள் தலையில் சுமத்தக் கூடாது; அவர்களை வேலைக்கு அமர்த்துவோரும் ஊராட்சியும் ஏற்கலாம். ஓட்டுநர் உரிமத்துக்கான தேர்வைப் பகலில் மட்டும் நடத்துவது போதாது என்பதும் என் கருத்து. எட்டு வடிவில் வண்டியை ஓட்டிக் காட்டுபவர், இருளில் ஒரு மனிதரைக் கண்டதும் என்ன செய்வார் என்பதை யாரும் சோதிப்பதில்லை.

இப்பாடத்தைப் படிப்போரில் பலர் ஓரிரு ஆண்டுகளில் உரிமம் பெறுவீர்கள். பெரும்பாலான இருசக்கர வண்டிகளில் விளக்கைத் தாழ்த்தும் பொத்தான் இடக்கைப் பெருவிரலுக்கு அருகில் இருக்கிறது. கைப்பிடியை விடாமலே அதனை அழுத்தலாம்.