வடிகாலின் மறுமுனையில் யார்?

2023 டிசம்பர் 4 இரவு. மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அரிசி டிரம்மையும் அப்பாவின் மருந்து டப்பாவையும் பீரோ மேல் ஏற்றிவிட்டு, கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தோம். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள்ளும் வெள்ளம் புகுந்திருந்தது. அங்கே காண்ட்ராக்ட் வேலைக்குப் போகும் எங்கள் தெருக்காரர்களுக்கு வீட்டிலும் தண்ணீர், வேலை செய்யும் இடத்திலும் தண்ணீர். அந்த வாரக் கூலியும் போனது. மூன்றாம் நாள் தண்ணீர் வடியத் தொடங்கியபோது தெருவே கைதட்டாத குறைதான். "எங்கயோ போய் ஒழியட்டும்" என்றார் எதிர்வீட்டு அத்தை. நானும் அதைத்தான் நினைத்தேன்.

அந்த 'எங்கயோ'வுக்கு ஒரு பெயர் இருக்கிறது: எண்ணூர்.

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும். கொரட்டூர் நிரம்பினால் ரெட்டேரி. அங்கிருந்து வடசென்னையின் கால்வாய்கள், பக்கிங்காம் கால்வாய், கடைசியில் எண்ணூர் முகத்துவாரம், கடல். மிக்ஜாம் புயல் நாட்களில் இந்த வடிநிலத்தின் வெள்ளம் மணலியைக் கடந்தபோது, அங்கிருக்கும் சென்னை பெட்ரோலிய நிறுவனத்தின் ஆலைப் பகுதியில் தேங்கியிருந்த எண்ணெயையும் தூக்கிக்கொண்டு போனது. படகு, வலை, அலையாத்திச் செடி, வீட்டுச் சுவர் என எல்லாவற்றிலும் கரும்பிசின். எங்கள் தெருத் தண்ணீரில் எண்ணெய் இல்லை, உண்மைதான். ஆனால் நாங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்ட அதே வாரத்தில் அவர்கள் வாளியால் எண்ணெய் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு 'வடிந்துவிட்டது' என்ற சொல்லை என்னால் பழையபடி சொல்ல முடியவில்லை.

ஒவ்வொரு மழைக்கும் நம் ஊரில் ஒரு பேச்சு கிளம்பும். "மலேசியாவுல சுரங்கம் தோண்டி வெள்ளத்தையே திருப்பி விட்டுட்டாண்டா, நம்மாளுங்களால முடியாதா?" என்று என் மாமா கேட்பார். கோலாலம்பூரில் 2007இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கம் உண்மையிலேயே வியப்பானது. நீளம் 9.7 கிலோமீட்டர். சாதாரண நாளில் அதன் நடுப்பகுதியில் கார்கள் ஓடும். பெருமழையில் கார்களை வெளியேற்றிவிட்டு, ஆற்று வெள்ளம் நகர மையத்தைத் தொடாமல் உள்ளே போகும். மாமா சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்தச் சுரங்கத்தின் இரண்டு முனைகளிலும் குளங்கள் இருக்கின்றன. வெள்ளத்தை முதலில் பிடித்து நிறுத்த ஒன்று, வெளியேறும் இடத்தில் தாங்கிக்கொள்ள ஒன்று. மறுமுனையில் தாங்க இடம் இல்லாத சுரங்கம் வெள்ளத்தை ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு மாற்றும், அவ்வளவுதான்.

நம்மிடம் சுரங்கம் இல்லை. ஆனால் அதன் வேலையைச் செய்யப் பெரிய திட்டம் ஒன்று இருக்கிறது. கொசஸ்தலையாறு வடிநில வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021 டிசம்பரில் 251 மில்லியன் டாலர் கடன் ஒப்புக்கொண்டது. 588 கிலோமீட்டர் புதிய மழைநீர் வடிகால், பழைய வடிகால்களில் 175 கிலோமீட்டர் சீரமைப்பு, அம்பத்தூர், கொரட்டூர், அரியலூர், கடப்பாக்கம் கால்வாய்களை மேம்படுத்துவது என்று பட்டியல் நீளும். நான் இதற்கு எதிரி இல்லை. பீரோ மேல் மருந்து டப்பா வைத்தவன் வடிகால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வான்? இத்தனை வடிகாலும் ஒரே நேரத்தில் ஒரே முகத்துவாரத்தை நோக்கித் தண்ணீரைத் தள்ளும்போது, அங்கே இருப்பவர்களிடம் யாராவது உட்கார்ந்து பேசினார்களா என்பதுதான் என் கேள்வி. அனல்மின் நிலையங்களின் சாம்பலும் துறைமுகங்களும் ஏற்கெனவே நெரித்து வைத்திருக்கும் முகத்துவாரம் அது. கடல் ஏற்றத்தின்போது அந்த வாய் வழியாக எவ்வளவு நீர் வெளியேறும் என்ற கணக்கு பொறியாளர்களிடம் இருக்கலாம். அது காட்டுக்குப்பத்தின் சுவரில் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

யார் கேட்டால் திட்டம் மாறும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். தெற்கே கோவளம் வடிநிலத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வடிகால் போட வந்தபோது, மணல் பூமியே மழையை உறிஞ்சிக்கொள்ளும், கான்கிரீட் வடிகால் நிலத்தடி நீரைக் கெடுக்கும் என்று அங்கிருந்தவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். திட்டம் மறுபரிசீலனைக்குப் போனது. அவர்களின் வாதம் சரியானதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் எண்ணூரில் எண்ணெய் கலந்தபோது அரசு அறிவித்த நிவாரணம் மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய். படகே இல்லாமல், இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்ணின் இழப்பை எந்தப் படகுக் கணக்கில் எழுதுவது?

ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில். நம் கிராமங்களில் இதை எந்தப் பொறியாளரும் வரையவில்லை, சாதி வரைந்தது. நகரம் அந்த வரைபடத்தை நகலெடுத்தது. கூவம், அடையாற்றுக் கரைகளில் குடிசை போட்டவர்களுக்கு வேறு நிலத்தை யார் கொடுத்தார்கள்? 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றை மீட்கிறோம் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய இடம் அது. மிக்ஜாமில் அங்கேயும் தண்ணீர் நின்றது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வெள்ளத்துக்குள் குடியேற்றிய திறமைக்கு உலகில் வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கம் முகப்பேரில் வீட்டுவசதி வாரியம் போட்ட குடியிருப்புக்குப் பெயரே 'ஏரி ஸ்கீம்'. ஏரி முகவரியில் மட்டும் மிச்சம். அவர்களை யாரும் ஆக்கிரமிப்பாளர்கள் என்பதில்லை. சொல்லவும் வேண்டாம். அந்தச் சொல்லைக் குடிசைக்காரன் மீதும் எறியாதீர்கள்.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன என்பது நம் தோழர்களிலேயே பலருக்குப் புதுச் செய்தி. 1945 நவம்பரில் கட்டக்கில் ஒரிசாவின் ஆறுகளைப் பற்றி நடந்த மாநாட்டில், வெள்ளத்தைக் கடலுக்குத் துரத்த வேண்டிய கேடாகவே பார்த்துவந்த பழைய குழுக்களின் அணுகுமுறையை அவர் மறுத்தார். நீர் மக்களின் செல்வம், அதைத் தேக்கிப் பயன்படுத்துவதே வழி என்பது அவர் நிலைப்பாடு. அந்தச் சிந்தனையின் வழியில் வந்த பெரிய அணைகள் ஆதிவாசிகளைப் பெருமளவில் இடம்பெயர்த்தன என்பதையும் நாம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் நம் பகுதியில் தேக்கப் புதிதாக எந்த ஊரையும் மூழ்கடிக்க வேண்டியதில்லை. ஏரிகள் அங்கேயே இருக்கின்றன. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அந்தப் பகுதி மக்கள் பல ஆண்டுகளாகத் தீர்ப்பாயத்தில் போராடிவருகிறார்கள். அந்த ஏரியைத் தூர்வாரி, கழிவை நிறுத்தி, ஐப்பசிக்கு முன் கொள்ளளவைத் தயாராக வைத்தால் எண்ணூருக்குப் போய்ச் சேரும் தண்ணீர் குறையும், தாமதமாகவும் போகும். வடிகால் அதற்குப் பிறகு வரட்டும்.

இன்னொன்று, இதை வெள்ளத் திட்ட அறிக்கைகளில் நான் பார்த்ததே இல்லை. வடிகால் கட்டி முடித்ததும் வேலை முடிவதில்லை. ஒவ்வொரு ஆண்டும் மழைக்கு முன் வண்டல் அள்ள வேண்டும். மழைநீர் வடிகால் என்று பெயர் இருந்தாலும், திருட்டு இணைப்புகளால் அதில் ஓடுவது கழிவுநீர். உள்ளே இறங்குபவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது நமக்குத் தெரியும். மனிதரை இறக்குவதை 2013 சட்டம் தடை செய்கிறது. சாக்கடையில் இறந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. 588 கிலோமீட்டருக்குக் கான்கிரீட் விலை கணக்கிட்டவர்கள், அத்தனை கிலோமீட்டரையும் ஆண்டுதோறும் இயந்திரத்தால் சுத்தம் செய்யும் செலவையும் அதே தாளில் எழுதட்டும். எழுதாவிட்டால் அந்தச் செலவை அருந்ததியர் குடியிருப்புகளின் தலையில் எழுதியிருக்கிறார்கள் என்று பொருள்.

2022 முதல் மாநகரங்களில் பகுதி சபைக் கூட்டம் நடத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. இளைய தோழர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை, நானும் இதுவரை போனதில்லை. அடுத்த கூட்டத்துக்குப் போகிறேன். எங்கள் தெருக் கால்வாய் எங்கே முடிகிறது, அங்கே இருப்பவர்களிடம் கேட்டீர்களா என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். எதிர்வீட்டு அத்தையும் வருகிறேன் என்றிருக்கிறார். அவருக்கு முதலில் தெருவிளக்கைப் பற்றிக் கேட்க வேண்டுமாம்.