கலந்த சரக்குக்கு முழு விலையா?

சரக்கை பைக்கில் கட்டிக்கொண்டு கடை கடையாய் ஏறி இறங்கும் வணிகச் சகோதரரே, சற்றே சிந்தியுங்கள்! முன்போல் மைலேஜ் இல்லையே என்று மெக்கானிக்கைத் திட்டுகிறீர்கள். டேங்கில் ஊற்றுவது என்னவென்று பார்த்தீர்களா?

லிட்டருக்கு 200 மில்லி எத்தனால்! 2030-க்கு வைத்த இந்த இலக்கை மத்திய அரசு 2025-லேயே எட்டிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலின் எரிசக்தி, பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இந்தக் கலவைக்கென வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளில், பைக்கென்றால் 3 முதல் 4 சதவீதமும், காரென்றால் 6 முதல் 7 சதவீதமும் மைலேஜ் குறையும் என்று 2021-ல் நிதி ஆயோக் அறிக்கையே கணித்தது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும்.

அந்நியச் செலாவணி மிச்சமாகட்டும். கரும்பு விவசாயி வாழட்டும். மறுக்கவில்லை. ஆனால், சக்தி குறைந்த சரக்குக்கு விலை குறைந்ததா? நம் கடையில் நாம் இப்படி விற்றால் வாடிக்கையாளர் விடுவாரா?

இளைஞர்களே! உங்கள் வண்டி எந்தக் கலவைக்கு ஏற்றது என்று கையேட்டைப் பாருங்கள். பழைய வண்டிக்கு 10 சதவீதக் கலவையும், சக்திக்கேற்ற விலையும் கேளுங்கள். காசு கொடுப்பவனுக்குக் கேட்கவும் உரிமை உண்டு!