கவுண்டர் மூடியாச்சு

விமானத்தைத் தவறவிட்டவனிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "கொஞ்சம் சீக்கிரம் கிளம்பியிருக்கக் கூடாதா?" கவுண்டரில் கேட்கிறார்கள், டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல்ஸ்காரர் கேட்கிறார், ஊர் திரும்பினால் டீக்கடையிலும் கேட்கிறார்கள். எங்கள் ஊரான அஞ்செட்டியிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினால் அது சீக்கிரம் என்பதை மட்டும் ஒருத்தரும் சொல்வதில்லை.

காலை ஆறு மணி விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரு விமான நிலையம் இருக்கிற தேவனஹள்ளி எங்களுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல். நடுராத்திரியில் பஸ் ஏது? கார்தான். தேன்கனிக்கோட்டை போய்ச் சேரும்வரை மலைப்பாதை, காடு. ஐப்பசி கார்த்திகையில் ராகி கதிர் பிடித்துவிட்டால் பன்னார்கட்டா பக்கத்து யானைகள் ஜவளகிரி வழியாக இந்தப் பக்கம் வந்துவிடும். கூட்டம் ரோட்டில் நின்றால் ஹாரன் அடிக்க எந்த டிரைவருக்குத் துணிச்சல் வரும்? வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, அதுகளாகப் போகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நாட்றாம்பாளையத்துக்காரர்கள் பாடு இன்னும் மோசம். அவர்கள் எங்கள் ஊருக்கு வந்து சேரவே தனியாக ஒரு காட்டைக் கடக்க வேண்டும்.

ஓசூர் தாண்டினால் அத்திப்பள்ளி. தமிழ்நாட்டு வாடகைக் காருக்குக் கர்நாடகா பர்மிட் போட்டாக வேண்டும். அப்புறம் டோல். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் கிடைக்கிற வேகத்தை நம்பி மனசைத் தேற்றிக்கொண்டால், சில்க் போர்டில் அது போய்விடும். பிறகு ஹெப்பால், பிறகு இன்னொரு டோல். இந்த வழியில் எங்கே சிக்கினாலும் நேரம் போவது பயணியின் கணக்கில்தான்.

என் அக்கா மகன் சிக்கியது இதற்கெல்லாம் பிறகு. துபாயில் வேலை. மும்பை வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து துபாய்க்குத் தனியாக இன்னொரு டிக்கெட். அப்படி எடுத்தால் மலிவு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டிரைவர் "துபாய்" என்ற சொல்லைக் கேட்டதும் நேராக இரண்டாம் டெர்மினலில் இறக்கிவிட்டார். அவர் மேலும் தப்பில்லை. 2023 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் அங்கேதான். ஆனால் பையன் ஏற வேண்டியது மும்பை விமானம், அது முதல் டெர்மினலில். பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, "கவுண்டர் க்ளோஸ் ஆயிடுச்சு சார்." புறப்பட இன்னும் ஐம்பது நிமிஷம் இருக்கிறது. போனில் போர்டிங் பாஸ் இருக்கிறது. விமானமும் அங்கேதான் நிற்கிறது. கவுண்டர் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடும் என்பது விதியாம். பெட்டி போட முடியாவிட்டால் போனில் இருக்கிற பாஸை வைத்து என்ன செய்வது? பெட்டிக்குள் அக்கா இடித்துக் கொடுத்த ராகி மாவும் முறுக்கும்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. நிலையத்துக்குள் போய்விட்டவன் தானாக வெளியே வரவும் முடியாது. விமானக் கம்பெனி ஆள் ஒருத்தர் கூட வந்து, வாசலில் நிற்கிற பாதுகாப்புப் படையினரிடம் விவரம் சொல்லி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டபின்தான் விட்டார்கள். உள்ளே போகும்போது பயணி, வெளியே வரும்போது கிட்டத்தட்டக் கைதி.

மும்பை விமானம் போனதோடு துபாய் டிக்கெட்டும் செத்தது. இரண்டும் ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் பேசிப் பார்க்கவாவது வழி இருந்திருக்கும். தனித்தனி என்பதால், "நீங்க மும்பைக்கு எப்படி வர்றீங்கங்கிறது எங்களுக்குத் தெரியாது சார்" என்று முடித்துவிட்டார்கள். ஒரே டிக்கெட்டிலும் ஒரு வம்பு உண்டு. முதல் கட்டத்தில் ஏறாவிட்டால் மீதிக் கட்டங்களையும், சமயத்தில் திரும்பி வருகிற டிக்கெட்டையும்கூட ரத்து செய்துவிடுவார்கள். போகும்போது ஏறவில்லை என்றால் வரும்போதும் வரக் கூடாதாம்!

விமானம் தாமதமானால் என்ன ஆகிறது? விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற டிஜிசிஏவின் விதிப்படி, பறக்கும் நேரத்தைப் பொறுத்து இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் தாமதமானால்தான் சாப்பாடு. ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் வேறு விமானம், அல்லது பணம் திரும்ப. தாமதத்துக்கென்று நஷ்டஈடாக ஒரு ரூபாய் கிடையாது. அவர்கள் அஞ்சு மணி நேரம் காக்க வைத்தால் ஒரு சாண்ட்விச். நாங்கள் பத்து நிமிஷம் பிந்தினால் மொத்த டிக்கெட்டும் காலி. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில், தூரத்தில் ஒரு ஆள் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தால் கண்டக்டர் விசில் அடித்து நிறுத்துவார். விமானத்தை அப்படி நிறுத்தச் சொல்லவில்லை. மாற்று டிக்கெட் விலையிலாவது கொஞ்சம் ஈவிரக்கம் காட்டலாம். கடைசி நேர டிக்கெட் முதல் டிக்கெட்டைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு.

பக்கத்திலேயே நிலையம் இருந்தால் இந்தக் கூத்தெல்லாம் எதற்கு? தளி ரோட்டில் பேளகொண்டப்பள்ளியில் ஒரு ஓடுதளம் பல காலமாக இருக்கிறது, தனியாருடையது. 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின், ஓசூரில் 2,000 ஏக்கரில், வருஷத்துக்கு 3 கோடிப் பேர் வந்துபோகிற அளவில் விமான நிலையம் வரும் என்று அறிவித்தார். கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் பெங்களூரு நிலையத்துக்காக மத்திய அரசு 2004இல் போட்ட ஒப்பந்தம் குறுக்கே கிடக்கிறது. நிலையம் திறந்து 25 வருஷத்துக்கு 150 கிலோமீட்டருக்குள் போட்டியாக இன்னொன்று வரக் கூடாது. திறந்தது 2008 மே மாதம், ஆக 2033 வரை கதை இதுதான். மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு உண்டு. ஓசூர் ரோஜா குளிர்சாதன வண்டியில் ஏறி நேரத்துக்கு விமானம் பிடித்து வெளிநாடு போய்விடுகிறது. ரோஜாவுக்கு இருக்கிற ஏற்பாடு ஆளுக்கு இல்லை.

இன்னொரு விஷயம், இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. ஏறாமல் போன டிக்கெட்டிலும் அரசு வரியும், விமான நிலையத்துக்கென்று வாங்கிய பயணிக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். சலுகை டிக்கெட்டானாலும் சரி, 'பணம் திரும்பாது' என்று அச்சடித்த டிக்கெட்டானாலும் சரி. 2016 ஆகஸ்ட் முதல் இதுதான் விதி. ஆனால் கேட்டால்தான் கொடுப்பார்கள் போலிருக்கிறது. டிராவல்ஸ்காரரிடம் போனால், "நோ-ஷோ டிக்கெட்டுண்ணா, ஒண்ணும் வராது" என்றார். விதியை எடுத்துக் காட்டியதும், "சில நூறு ரூபாய்க்கு ஏண்ணா இவ்வளவு அலையறீங்க" என்று சலித்துக்கொண்டார். அந்தச் சில நூறு ரூபாய் பையன் காசு. மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம், முத்திரை போட்ட நகலும் கையில் இருக்கிறது. அடுத்த வாரம் மறுபடி போய் உட்காரப் போகிறேன்.