பிரவேசப் பரீட்சையும் உத்தியோக வாழ்வும்

ஆண்டுதோறும் நவம்பர் மாதக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, ஏறக்குறைய 3 லட்சம் இளைஞர்கள் கணினித் திரையின் முன்னமர்ந்து இரண்டு மணி நேரம் எழுதுகின்ற ‘கேட்’ தேர்வு, ஐ.ஐ.எம். என்னும் மேலாண்மைக் கழகங்களுக்குள் நுழைவதற்கு ஒரு வாயில் என்ற அளவோடு நிற்காமல், எழுதினவருடைய புத்திக்கும் எதிர்கால யோக்கியதைக்கும் ஆயுட்காலச் சான்றிதழாகவே நம் சமூகத்தில் பாவிக்கப்பட்டு வருகிறது. அத்தேர்வு தருகிற பெர்சன்டைல் என்ற எண்ணுக்கு இத்தனை பெரிய அதிகாரத்தைக் கொடுத்தது பிசகு என்பது என் திடமான அபிப்பிராயம்.

இவ்வகைப் பரீட்சைகளுக்கு முன்னோடி அமெரிக்காவின் ஜிமேட். 1953-ஆம் ஆண்டில் அந்நாட்டு வணிகப் பள்ளிகள் ஒன்பது கூடி ஆலோசித்து, மறு ஆண்டே அதை நடத்தத் தொடங்கியபோது, சேருகிற மாணவர் பாடங்களைச் சமாளித்துக் கரையேறுவாரா என்பதை முன்கூட்டியே ஓரளவு அறிய வேண்டுமென்பதுதான் அவர்களுடைய உத்தேசம். அந்தக் காரியத்தை அது நன்றாகவே செய்துவருகிறது. குன்செல் முதலிய ஆய்வாளர் மூவர், அதற்கு முன் நடந்த ஆராய்ச்சிகள் பலவற்றை ஒன்றுதிரட்டிப் பரிசீலித்து, முதலாண்டு மதிப்பெண்ணை ஊகிப்பதில் ஜிமேட் எண் இளங்கலை மதிப்பெண்ணைக் காட்டிலும் மேலானது, இரண்டும் சேர்ந்தால் இன்னும் மேலானது என்று 2007-இல் எடுத்துக் காட்டினார்கள். ஆகவே இப்பரீட்சையை வீண் என்று தள்ளுவோர் பட்சத்தில் நான் சேரமாட்டேன்.

வகுப்பறையைத் தாண்டியதும் நிலைமை வேறு. ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் ஸ்டெர்லிங் லிவிங்ஸ்டன், கல்லூரியில் பெற்ற மதிப்பெண் நிர்வாகியின் பிற்கால வளர்ச்சியை முன்னறிவிப்பதில்லை என்று 1971-லேயே எழுதி, அதற்கு ஒரு காரணமும் சொன்னார்: பள்ளியில் பிரச்சினையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுத் தீர்க்கச் சொல்கிறார்கள்; உத்தியோகத்திலோ பிரச்சினை எதுவென்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. எம்.பி.ஏ. பட்டமும் அதில் பெற்ற மதிப்பெண்ணும் தொழில் வாழ்வின் வெற்றியோடு சம்பந்தப்படுவதற்கு ஆதாரம் சொற்பமே என்று, 2002-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஃபெஃபரும் ஃபாங்கும் எழுதினார்கள்.

லிவிங்ஸ்டன் சொன்ன வித்தியாசத்தைக் காண நாம் ஹார்வர்டு வரை போக வேண்டியதில்லை. கேட் வினாத்தாளின் தர்க்கப் பகுதியில், நான்கு அணிகள், ஐந்து ஊர்கள் என்று கணக்கு எத்தனை சிக்கலாக இருந்தாலும், வேண்டிய விவரமெல்லாம் அங்கேயே கொடுக்கப்பட்டிருக்கும். அவற்றில் எதுவும் பொய்யாயிராது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி நிர்வாகியின் காலைப்பொழுதைப் பாருங்கள். டையிங்கிலிருந்து வந்த துணி, பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளினின்றும் நிறத்தில் ஒரு மாற்றுக் குறைகிறது. ஷிப்மென்ட்டுக்கு எட்டு நாள் இருக்கிறது. மறுசாயம் போட்டால் தேதி தவறும், விமானத்தில் அனுப்பினால் லாபம் கரையும், அப்படியே அனுப்பினால் சரக்கு திரும்பும். டையிங்காரரோ ‘அதே ஷேடுதான்’ என்று சாதிக்கிறார். கட்டிங் மாஸ்டருக்கு இரண்டு நாள் முன்பே தெரிந்திருந்தும் வாய் திறக்கவில்லை. அந்த நிர்வாகி தீர்க்க வேண்டிய கணக்கு துணியின் நிறத்தில் இருக்கிறதா, அல்லது கெட்ட செய்தியை முதலாளியிடம் சொல்ல ஆட்கள் அஞ்சுகிற பழக்கத்தில் இருக்கிறதா? அதை உணர்வதற்கு வேண்டிய விவேகத்தையும், பயந்தவனைப் பேசவைக்கும் பக்குவத்தையும் எந்தப் பெர்சன்டைலும் அளந்ததில்லை.

உயர் பதவிகளில் இருப்போர் பலர் 99 பெர்சன்டைல் வாங்கியவர்கள்தாமே என்று கேட்கலாம். ஆனால் பெரிய கம்பெனிகள் ஆள் தேடிப் போவது அந்த எண் திறந்துவிட்ட வாயில்களுக்குத்தான். முதல் வேலையின் சம்பளமும் சகவாசமும் அடுத்த வேலையைக் கொண்டுவருகின்றன. இப்படி நாமே அந்த எண்ணைக்கொண்டு உண்டாக்கிய வெற்றியை, அந்த எண் முன்னறிவித்த வெற்றியாக மயங்குகிறோம். இதற்கு நேர்மாறான மயக்கமும் உண்டென்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: நல்ல மதிப்பெண்காரர்களையே பொறுக்கி நிரப்பிய வகுப்பில் மாணவருக்கு மாணவர் வித்தியாசம் சிறிதாகையால், அவர்களுடைய பிற்கால ஏற்றத்தாழ்வு மதிப்பெண்ணோடு ஒட்டாமற் போவதைக் கொண்டு, தர்க்கபுத்தியே நிர்வாகத்துக்கு வேண்டாதது என்று முடிவுகட்டலாகாது.

கேட் எண்ணைக் காட்டிலும் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணின் தீராத ஆட்சி. ஐ.ஐ.எம்.களில் சில அதற்கும் எடை போடுகின்றன; வளாகத் தேர்வுக்கு வரும் கம்பெனிகள் பலவும் பத்து, பன்னிரண்டு, பட்டம் மூன்றிலும் அறுபது சதவீதம் கேட்கின்றன. தகப்பன் படுத்த படுக்கையான வருஷத்தில் பரீட்சை எழுதிய பதினைந்து வயதுப் பெண்ணின் மதிப்பெண், முப்பது வயதிலும் அவளுக்காகச் சாட்சி சொல்ல வேண்டுமா? கூகுளில் பணியாளர் துறையின் தலைவராயிருந்த லாஸ்லோ பாக், தம் நிறுவனத்தின் கணக்குகளையே ஆராய்ந்து, புதிதாகப் படிப்பு முடித்து வருவோரிடம் சிறிதளவு தவிர, மதிப்பெண்ணுக்கும் வேலைத்திறனுக்கும் சம்பந்தம் காணோம் என்று 2013-இல் வெளிப்படையாகவே சொன்னார். ஆளெடுக்கும் பொறுப்பிலிருப்போர், அனுபவம் பெற்று வருகிறவர்களுடைய விண்ணப்பத்திலிருந்தாவது பள்ளி மதிப்பெண் கேட்கும் கட்டத்தை எடுத்துவிட்டு, அவர்களின் கீழ் வேலை செய்தவர்கள் இருவரை அழைத்து விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.